முள்ளெலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னிந்தியாவின் வறண்ட காடு மேடுகளில் வாழும் முள்ளெலியைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் வாக்கிலேயே இருக்கின்றன. யூடியூபில் வரும் முள்ளெலிக் காட்சிகள் பெரும்பாலும் ஐரோப்பிய இனத்துடையவை, அல்லது கூண்டில் வளரும் ஆப்பிரிக்க இனத்துடையவை. பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் எந்தத் தகவல் எந்த இனத்துக்கு உரியது என்பதைத் தேவையான இடங்களில் பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

முள்ளெலின்னா முள்ளம்பன்றியோட குட்டிதானே?

இல்லை. இரண்டுக்கும் முள் இருக்கிறது என்பதோடு ஒற்றுமை முடிந்தது. முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு. வளர்ந்தது 10 கிலோவுக்கு மேல் இருக்கும், முதுகு முள் ஓர் அடி வரை நீளும், கிழங்கு, வேர், மரப்பட்டை எல்லாம் தின்னும். ஆபத்து வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயும், உருண்டுகொள்ளாது.

முள்ளெலி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அதன் முள் ஓர் அங்குலத்தைத் தாண்டாது. ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சங்கப் பாடல்களில் வரும் 'முளவுமா' இதுதானா என்றும் சிலர் கேட்கிறார்கள். உரைகாரர்கள் அதை முள்ளம்பன்றி என்றே கொள்கிறார்கள். வேட்டையாடி விருந்து வைக்கும் அளவுக்குக் கறி உள்ள விலங்கு அதுதான்.

பேர்லயே எலின்னு இருக்கே, அப்ப கடலை, சோளமெல்லாம் தின்னுமா?

இந்தப் பெயர்தான் இதற்கு முதல் எதிரி. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகிய கொறிக்கும் விலங்குகளுக்கு மேலும் கீழும் உளி போன்ற முன்பற்கள் உண்டு, அவை ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முள்ளெலிக்கு அப்படிப்பட்ட பல் கிடையாது. இருப்பவை பூச்சியின் ஓட்டைக் குத்தி நொறுக்கும் சிறிய கூர்மையான பற்கள். உறவுமுறையில் இது மூஞ்சூறுக்கு நெருக்கம். மூஞ்சூறும் எலி இல்லை என்பது வேறு விஷயம், பிள்ளையாரின் வாகனத்தையும் நாம் எலிக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம்.

ஆகவே கடலைக் காட்டில் முள்ளெலியைப் பார்த்தால் அது கடலைக்கு வரவில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவுக்கும் வண்டுக்கும் வந்திருக்கிறது. காய் கொறிபட்டிருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

பாத்தா எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

முதுகு முழுக்க அடர்ந்த குட்டை முள், கூர்ந்த மூக்கு, வெளியே தெரியும் வட்டமான காது, குட்டைக் கால். நெற்றிக்கு மேலே முள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, நடுவில் வகிடு எடுத்ததுபோல் முள் இல்லாத ஓர் இடம் இருக்கும். நம் ஊர் இனம் சேர்ந்திருக்கும் பேரினத்துக்கே உரிய அடையாளம் இந்த வகிடு.

வயிற்றில் முடி மிகக் குறைவு. இதன் அறிவியல் பெயரான 'பேராஎக்கைனஸ் நூடிவென்ட்ரிஸ்' என்பதில் இரண்டாம் சொல்லுக்கு 'வெற்று வயிறு' என்று பொருள். 1851இல் இப்பெயரை வைத்தவர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் ஹெட்ஜ்ஹாக்' என்கிறார்கள். அதற்காகச் சென்னையில் தேட வேண்டாம்.

எங்க ஊர்ல இருக்குமா?

உங்கள் ஊர் மழை குறைந்த, வெட்டவெளியான, புல்லும் முள்ளும் கலந்த இடமாக இருந்தால் இருக்கலாம். இந்த இனம் உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் உள்ளது: தமிழ்நாடு, ஆந்திரம், கேரளத்தின் சில பகுதிகள். தமிழ்நாட்டில் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடுகள் (செம்மணல் மேடுகள்), திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரிக் கரடுகள் போன்றவை இதற்கு ஏற்ற நிலம். அடர்ந்த காட்டிலும் நெல்வயல் சேற்றிலும் தேடிப் பயனில்லை.

கொறங்காடு தெரியாதவர்களுக்கு: கொங்கு நாட்டில் மாடு, ஆடு மேய்வதற்கென்றே விடப்படும் மானாவாரி நிலம் அது. கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும், அங்கங்கே வெள்வேல மரம் நிற்கும், சுற்றிலும் கிளுவை முள்வேலி இருக்கும். புல்லில் பூச்சி, சாணத்தில் வண்டு, வேலியடியில் பகலில் படுக்க இடம் என்று முள்ளெலிக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. காங்கயம் மாட்டுக்காக உருவான நிலம் இதற்கும் வீடாகிவிட்டது.

வட இந்தியாவில் வேறு இரண்டு இனங்கள் இருக்கின்றன. ராஜஸ்தான், குஜராத் பக்கம் இதே பேரினத்தைச் சேர்ந்த இந்திய முள்ளெலியும், நீண்ட காது கொண்ட இன்னொன்றும் வாழ்கின்றன.

யாழ்ப்பாணத்திலயும் முள்ளெலி இருக்கோ?

இல்லை. இலங்கையில் முள்ளெலி இனம் எதுவும் கிடையாது. அங்கே முள்ளோடு காண்பது முள்ளம்பன்றிதான். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் உரிய முள்ளெலியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் முள்ளோடு திரியும் எக்கிட்னா முட்டையிடும் விலங்கு, இதற்கு எந்த உறவும் இல்லை. முள் என்கிற ஆயுதம் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

முள்ளை எறியுமா? குத்தினா விஷமா?

எறியாது. முள்ளம்பன்றியும் எறிவதில்லை. அதன் முள் எளிதில் கழன்று, குத்திய இடத்திலேயே தங்கிவிடுவதால் வந்த பேச்சு அது. முள்ளெலியின் முள் தோலில் உறுதியாக வேரூன்றியிருக்கும். நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. உள்ளே சிறு சிறு காற்றறைகள் இருப்பதால் எடை குறைவு, வளைந்தாலும் லேசில் ஒடியாது. பழைய முள் விழுந்து புதியது முளைத்துக்கொண்டே இருக்கும்.

விஷம் இல்லை. ஆனால் முள்ளெலியின் தோலில் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை இருக்கலாம், உண்ணியும் இருக்கும். வெறுங்கையால் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எப்படி அவ்வளவு இறுக்கமா உருளுது? எவ்வளவு நேரம் அப்படியே இருக்கும்?

முதுகுத் தோல் உடம்பைவிடப் பெரிய போர்வை போலத் தளர்வாக இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடுவதுபோல, அந்தத் தசை சுருங்கியதும் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய்விடும். வேறு தசைகள் முள்ளைக் குறுக்கும் நெடுக்குமாக நிமிர்த்திவிடும். கை வைத்தால் உள்ளிருந்து 'புஸ்' என்று சீறி, வெடுக்கென்று எம்பிக் குத்தும். வேலியோரத்தில் பாம்பு சீறியது என்று கம்பு எடுக்கும் முன் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் என்பது நீங்கள் எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரவம் அடங்கினால் சில நிமிடங்களில் மூக்கு முதலில் வெளியே வரும்.

தண்ணி ஊத்துனா பிரிஞ்சுடும்னு சொல்றாங்களே?

தண்ணீரில் போட்டால் பிரியும் என்பது உண்மைதான். மூழ்காமல் இருக்க அதற்கு வேறு வழி இல்லை. வேடிக்கைக்காக இதைச் செய்வது அதைக் கொல்வதற்குப் பக்கத்தில் போவது.

அப்ப உண்மையிலேயே என்னதான் தின்னும்?

வண்டு, கறையான், ஈசல், வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, மண்புழு, பூரான், தேள். பூச்சிதான் அன்றாடச் சாப்பாடு. வாய்ப்புக் கிடைத்தால் பல்லிக்குஞ்சு, சிறு தவளை, தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டை, செத்த எலி என எதையும் விடாது. கீழே விழுந்த பழத்தையும் நக்கிப் பார்க்கும்.

பார்வை சுமார். மூக்கும் காதும்தான் வேலை செய்கின்றன. இருட்டியபின் கிளம்பி, மூக்கைத் தரையில் உரசியபடி மோந்துகொண்டே போகும், வாசம் பட்ட இடத்தில் முன்னங்காலால் கீறும். மெல்லும் சத்தம் அமைதியான இரவில் நன்றாகவே கேட்கும்.

பாம்பு கடிச்சா விஷம் ஏறாதாமே?

பாதி உண்மை. ஐரோப்பிய முள்ளெலியின் உடலில் 'எரினாசின்' என்ற புரதம் கண்டறியப்பட்டிருக்கிறது. விரியன் வகை விஷத்தில் இரத்தக் கசிவை உண்டாக்கும் நொதியை அது தடுக்கிறது. அதனால் அந்த ஊர் விரியனின் கடியை அது ஓரளவு தாங்கும். எந்தப் பாம்பின் விஷமும் எவ்வளவு ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று பொருள் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் நரம்பைத் தாக்குகிறது, அது வேலை செய்யும் விதமே வேறு.

பாம்போடு மோதும்போது அதைக் காப்பாற்றுவது பெரும்பாலும் முள்தான். பாம்பின் வாய் தோலைத் தொடுவதற்கு முன் முள்ளைத் தொடுகிறது.

முதுகு முள்ளுல பழத்தைக் குத்தி எடுத்துட்டுப் போகும்னு படத்துல பாத்தேன், நிஜமா?

இல்லை. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதியது இது. அன்றிலிருந்து குழந்தைகள் படங்களில் ஆப்பிளோடு உலா வருகிறது. முள்ளெலி இரையைச் சேமித்து வைப்பதில்லை, கிடைத்த இடத்திலேயே தின்றுவிடும். இங்கிலாந்தில் இதைவிட மோசமான கதை ஒன்று இருந்தது: படுத்திருக்கும் பசுவின் மடியில் பால் குடிக்கிறது என்று நம்பினார்கள். அங்கே 1566இல் வந்த ஒரு சட்டம் ஒரு முள்ளெலிக்கு இரண்டு பென்ஸ் என்று தலைக்கு விலை வைத்தது.

வாயில நுரை தள்ளிக்கிட்டு உடம்பெல்லாம் பூசிக்குது. வெறி பிடிச்சிருக்கா?

பெரும்பாலும் இல்லை. இது முள்ளெலிகளின் விசித்திரமான பழக்கம். காரமான அல்லது புதிய வாசனை உள்ள எதையாவது மென்று, வாயில் நுரை திரள வைத்து, கழுத்தை வளைத்து நாக்கால் முதுகு முள்ளில் பூசிக்கொள்ளும். அப்போது அது அச்சாணி கழன்றதுபோல் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வலிப்பு என்றே தோன்றும். முள்ளுக்குக் கூடுதல் காரம் ஏற்றவா, தன் வாசனையை மறைக்கவா, இணையை அழைக்கவா என்று பல விளக்கங்கள் உண்டு, முடிவான ஒன்று இல்லை.

ஆனால் பட்டப்பகலில் தள்ளாடுகிறது, உருளக்கூடத் தெம்பு இல்லை, ஈ மொய்க்கிறது என்றால் அது நோய் அல்லது காயம். கடித்துவிட்டால், எந்தப் பாலூட்டி கடித்தாலும் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

குளிர்காலம் பூரா தூங்குமாமே?

அது ஐரோப்பிய முள்ளெலி. அங்கே பனிக்காலத்தில் பூச்சி கிடைக்காது. அதனால் நவம்பர் வாக்கில் இலைச்சருகுக் கூட்டுக்குள் போய் மார்ச் வரை உறைந்து கிடக்கும். உடல் வெப்பம் சுற்றுப்புறத்தின் அளவுக்கு இறங்கும், நிமிடத்துக்கு 190 வரை அடிக்கும் இதயம் 20 அளவுக்குக் குறையும். இலையுதிர் காலத்தில் போதிய கொழுப்புச் சேர்க்காதது அந்த உறக்கத்திலிருந்து எழாது.

நம் ஊரில் அப்படி ஒரு குளிர் இல்லை. இங்கே தட்டுப்பாடு வறட்சியில் வருகிறது. ராஜஸ்தான் பக்கத்து உறவினமான இந்திய முள்ளெலி, இரையும் தண்ணீரும் அற்றுப்போனால் வளையில் முடங்கி, உடலை மந்தப்படுத்திக்கொண்டு செலவைக் குறைக்கும். மாதக்கணக்கில் நீளும் பனிக்கால உறக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எனவே கோடையில் வளையிலோ வேலியடியிலோ அசைவற்ற முள்ளெலியைக் கண்டால் செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள். நிழலில் விட்டு மறுநாள் காலை பாருங்கள்.

குட்டி முள்ளோடவே பிறக்குமா? தாயைக் குத்தாதா?

முள்ளோடுதான் பிறக்கும், ஆனால் குத்தாது. பிறக்கும்போது குட்டியின் முதுகுத் தோல் நீர் கோத்து உப்பியிருக்கும், முள் அதற்குள் புதைந்திருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் நீர் வடிந்து, வெண்மையான மென்முள் வெளியே தலைகாட்டும். அடுத்து நிறமுள்ள கெட்டியான முள் அவற்றின் இடையே வளரும்.

நன்கு ஆராயப்பட்ட ஐரோப்பிய இனத்தின் கணக்கு இது: கர்ப்பகாலம் ஏறக்குறைய 35 நாள், ஈற்றுக்கு 4 அல்லது 5 குட்டி, கண் திறக்க இரண்டு வாரம், மூன்று நான்கு வாரத்தில் தாயோடு இரை தேடக் கிளம்பும், ஆறாவது வாரம் வாக்கில் தனித்துப் போய்விடும். நம் இனத்துக்கு அதைவிடக் குறைவாக, ஒன்றிரண்டு குட்டிதான் வழக்கம். ஆணுக்கு வளர்ப்பில் பங்கு இல்லை. இணை சேரும் இரவில் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வட்டமடிப்பதோடு அதன் குடும்பக் கடமை முடிந்துவிடும்.

எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

காட்டில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டுவதில்லை. டென்மார்க்கில் இறந்துகிடந்த ஐரோப்பிய முள்ளெலிகளின் தாடையெலும்பில் உள்ள வளர்ச்சிக் கோடுகளை, மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் எண்ணிப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் ஒன்றுக்கு 16 வயது.

இதுக்கு எதிரி யாரு? முள் இருக்கும்போது எது கொல்லும்?

பெரிய கொம்பன் ஆந்தை, நரி, கீரி, நாய். ஆந்தைக்குக் கால் நீளம், நகம் நீளம், அதனால் முள் ஒரு பொருட்டில்லை. நாய் பெரும்பாலும் மூக்கில் குத்து வாங்கியதும் விட்டுவிடும், கூட்டமாக வந்தால் விடாது.

ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பவை இவை அல்ல. உருண்டுகொள்வது மிக நீண்ட காலமாக வேலை செய்த உத்தி. லாரிச் சக்கரத்துக்கு முன்னால் அதுவே மரணம், ஓட வேண்டிய நேரத்தில் இது நின்று உருள்கிறது. அடுத்தது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும், சிமென்ட் தொட்டியும். அடுத்தது மருந்து: பூச்சிக்கொல்லி இரையைக் குறைக்கிறது, எலி விஷம் உடம்புக்குள்ளும் போகிறது. பிரிட்டனில் இறந்த முள்ளெலிகளின் ஈரலிலேயே எலி விஷத்தின் எச்சம் கிடைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நிலம். புல்வெளிக்கு நம் பேச்சில் 'சும்மா கிடக்கிற எடம்' என்று பெயர். அதனால் வீட்டுமனை, சூரியத் தகடு, காம்பவுண்டுச் சுவர் எல்லாம் முதலில் அங்கேதான் வருகின்றன. மரம் வெட்டினால் பத்துப் பேர் கேட்பார்கள், கொழுக்கட்டைப் புல்லை உழுது புரட்டினால் கேட்க ஆள் இல்லை.

ராத்திரி ரோட்டு நடுவுல உருண்டு கெடந்தா என்ன செய்யணும்?

முதலில் உங்கள் பாதுகாப்பு. வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டரை எரியவிட்டு, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடித்த துண்டையோ சாக்கையோ அதன்மேல் போட்டு, இரண்டு கையாலும் அடியிலிருந்து அள்ளுங்கள். துணி இல்லாவிட்டால் அட்டையை அடியில் செருகித் தூக்கலாம். காலால் உருட்டாதீர்கள், மூக்கும் காலும் அடிபடும்.

எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே, தார் விளிம்பிலிருந்து பத்திருபது அடி உள்ளே, புதரடியில் விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடி கடக்க வரும். 'பாதுகாப்பான' வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவது உதவி அல்ல: அதற்குத் தெரிந்த வளையும் இரைத்தடமும் இங்கேதான் இருக்கின்றன.

கிணத்துல விழுந்துடுச்சு, எப்படி எடுக்கிறது? விழாம இருக்க வழி இருக்கா?

நீந்தும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். கூடையிலோ கடகப் பெட்டியிலோ ஒரு கல்லைக் கட்டிப் பாதி மூழ்கும்படி இறக்கி, அதன் அடியில் கொண்டுபோய்த் தூக்குங்கள். எடுத்ததும் துணியால் ஒற்றி, காற்றுப் படாத இடத்தில் வைத்து, தெம்பு வந்தபின் இருட்டில் விடுங்கள்.

தொட்டிக்கு வழி எளிது. அரையடி அகலப் பலகையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஒரு முனை தொட்டியின் தரையைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். சாய்வு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. வெறும் பலகை ஈரத்தில் வழுக்கும், பலர் செய்யும் தவறு அதுதான். பலகை மிதந்துவிடாமல் மேல் முனையை ஆணியடித்து நிறுத்துங்கள். தரைமட்டக் கிணற்றுக்கு ஒன்றரை அடிச் சுவர் போதும், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டினாலும் சரி, சந்து இருக்கக் கூடாது. இப்படி ஒரு சாய்வுப் பலகையில்தான் பிரிட்டனின் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கமும் ஆரம்பித்தது: சாலையின் குறுக்கே உள்ள மாட்டுத்தடைக் குழியில் விழுந்த ஒரு முள்ளெலியிலிருந்து 1982இல் தொடங்கியது அது.

ஜேசிபி வச்சு முள்ளு எடுக்கும்போது குட்டிங்க கெடைச்சுது. வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கொண்டு வராதீர்கள். வேலையை அந்த இடத்தில் நிறுத்தி, எடுத்த புல்லையும் சருகையுமே மேலே பழையபடி மூடுங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் சருகைக் கையில் பிடித்துக்கொண்டு தொடுங்கள், மனித வாசம் ஏறினால் தாய் மிரளும், கலைந்த தாய் குட்டியைக் கைவிடுவதும் தின்றுவிடுவதும் உண்டு. இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே சில்லிட்டுக் கிடந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ தாய் இல்லை என்று வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே பார்ப்பது இன்னும் நல்லது. குவித்து வைத்த முள்ளுக்கும் பனையோலைக்கும் அப்படியே தீ வைக்காமல், எரிக்கும் அன்றைக்கே குவியலை வேறு இடத்துக்குப் புரட்டிப் போட்டுப் பற்ற வையுங்கள். ஒரு ராத்திரி கிடந்த குவியல் அதற்கு வீடாகிவிடும், தீ நெருங்கினாலும் ஓடாமல் உருண்டுகொள்ளும்.

அடிபட்டது கெடைச்சா பால் வைக்கலாமா?

வைக்கவே கூடாது. பாலில் உள்ள லாக்டோஸ் அதற்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்து, ஏற்கெனவே வாடியிருப்பது நீர் வற்றிச் செத்துவிடும். பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகப் பாலும் ரொட்டியும் வைத்து இந்தத் தவறைச் செய்தார்கள்.

ஒன்றரை அடி உயரமாவது இருக்கும் அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், ஒளிந்துகொள்ள ஒரு பழைய துண்டு. ஏறுவதில் கெட்டிக்காரன், தாழ்ந்த பெட்டியில் காலையில் இருக்காது. தட்டையான மூடியில் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். சூடு ஏறியபின்தான் உணவு: மீன் வாசனையில்லாத ஈரமான பூனை உணவு ஒரு கரண்டி. உண்ணியை எடுக்க மண்ணெண்ணெய், நாய்க்குப் போடும் மருந்து எதையும் தொடாதீர்கள். இத்தனையும் வனத்துறையோ கால்நடை மருத்துவரோ வரும்வரைக்கும்தான்.

கக்குவான் இருமலுக்கு முள்ளைச் சுட்டுக் குடுத்தா கேக்கும்னு பாட்டி சொன்னாங்க?

பல ஊர்களில் உள்ள நம்பிக்கை. முள்ளைச் சுட்டால் மிஞ்சுவது கருகிய கெரட்டின், நகத்தைச் சுட்டுக் கொடுப்பதும் அதுவும் ஒன்று. கக்குவான் பாக்டீரியாவால் வரும் நோய், அதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, வராமல் தடுக்கும் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கைக்குழந்தைக்கு இந்த நோய் உயிரை எடுக்கும், சாம்பலைக் குழைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் நாள்தான் ஆபத்து.

கடையில முள்ளெலி விக்கிறாங்களே, அது இதுதானா? வளர்க்கலாமா?

கடையில் இருப்பது ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலி, கூண்டுக்கென்றே தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டது. பின்னங்காலில் நான்கு விரல்தான் இருக்கும், நம்முடையதற்கு ஐந்து. அலுத்துவிட்டது என்று அதைக் காட்டில் விடக் கூடாது, அதற்கும் கேடு, இங்குள்ளதற்கும் நோய் வரலாம்.

நம் காட்டு முள்ளெலியைப் பிடித்து வளர்ப்பதோ விற்பதோ கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இரவெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் விலங்கை மீன்தொட்டிக்குள் வைத்து என்ன பார்ப்பது? பகல் முழுக்க ஒரு முள் பந்துதான் தெரியும்.

பூச்சியைத் தின்னுதுன்னா நிறைய கொண்டு வந்து தோட்டத்துல விடலாமே?

இதைச் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன. நியூசிலாந்துக்கு 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய முள்ளெலியைக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும், அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகளையும் பல்லிகளையும் அது தின்று தீர்ப்பதால் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் தென் யூயிஸ்ட் தீவில் 1974இல் தோட்டத்து நத்தையைத் தின்ன விடப்பட்டவை பெருகி, கடற்கரைப் பறவைகளின் முட்டைக்கு எமனாயின. மேலே உணவுப் பட்டியலில் முட்டையைச் சொன்னோமே, அதன் விளைவு இது. சொந்த மண்ணில் இரை, எதிரி, வறட்சி எல்லாம் சேர்ந்து அளவோடு வைத்திருக்கும் அதே விலங்குதான்.

தானாக வருவதற்கு இடம் விடுவதே சரி. கிளுவை வேலியை எடுக்காதீர்கள். சுவர்தான் என்றால் தரையோடு ஒட்டி ஐந்தங்குலச் சதுரத்தில் ஒரு துளை விடுங்கள், பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கு இடையே விடும் துளை 13 செ.மீ., அது நம்மதற்குத் தாராளம். வேலியோரம் மூன்றடி அகலத்துக்குப் புல்லை உழாமல் விடுங்கள், மருந்தும் அடிக்காதீர்கள். தரையோடு படிந்த நைலான் வலை வேண்டாம், முள் சிக்கினால் பின்வாங்கத் தெரியாமல் மேலும் சுருண்டு மாட்டிக்கொள்ளும்.

அழிஞ்சு போற பட்டியல்லயே இல்லையாமே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கவலை?

பன்னாட்டுச் செம்பட்டியலில் இது 'கவலை குறைந்த' வகையில் இருப்பது உண்மை. ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு திரிந்த முள்ளெலியும் அதே வகையில்தான் இருந்தது, 2024இல் 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்று மாற்றினார்கள். தமிழ்நாடு அரசு 2025இல் நான்கு உயிரினங்களுக்காக ஒரு கோடி ரூபாய் திட்டம் அறிவித்தபோது சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, ஒரு மகசீர் மீன் ஆகியவற்றோடு முள்ளெலியையும் சேர்த்தது. யானைக்கும் புலிக்கும் கிடைக்கும் கவனத்தில் இது தூசுதான், ஆனாலும் இரவில் மட்டும் திரியும் ஒரு சாண் விலங்கு அரசாணைக்குள் வந்ததே பெரிது.

நேர்ல பாக்கணும்னா எப்போ, எப்படிப் போகணும்?

நல்ல மழை பெய்து ஓய்ந்து, ஈசலும் வண்டும் கிளம்பும் இரவு. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, வேலியோரமாக மெதுவாக நடங்கள். முழங்கால் வரை பூட்ஸ் அவசியம், அதே பூச்சிக்கும், எலிக்கும் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் வரும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொண்டால் முள்ளெலி அவ்வளவாக மிரளாது. கண்ணைவிடக் காதை நம்புங்கள்: சருகில் விட்டு விட்டு வரும் சரசரப்பு, நடுநடுவே மோப்பம் பிடிக்கும் 'ஸ்ஸ்ஸ்', கறுமுறு என்று மெல்லும் சத்தம்.

பகலில் என்றால் எச்சத்தைத் தேடுங்கள். கறுப்பாக, வண்டின் இறக்கைத் துணுக்கு மினுங்க, வேலியடித் தடத்தில் கிடக்கும். எலிப்புழுக்கையில் அந்த மினுக்கம் இருக்காது. படம் எடுத்தால் ஓரிரண்டோடு நிறுத்துங்கள், பிளாஷ் வேண்டாம். இணையத்தில் போடும்போது மாவட்டப் பெயர் போதும், கூகுள் மேப் புள்ளியைச் சேர்த்துவிடாதீர்கள்.